9 பெண் கலைஞர்கள், 34 படைப்புகள்: துணி, காகிதம், எண்ணெய் வண்ணம் எல்லாம் ஒரே காட்சியில். எப்படி மாட்டுவது?

கித்தான்காரி (கேள்வி)

வணக்கம். 9 பெண் கலைஞர்களின் படைப்புகளை ஆறு வாரம் காட்சிக்கு வைக்கிறோம். வாரம் 6 நாள், நாளுக்கு 8 மணி நேரம். பெரிய அறை ஒன்று, சின்ன அறை ஒன்று. கதவு, ஜன்னல் கழித்து மொத்தச் சுவர் நீளம் 46 மீட்டர், உயரம் 3.2 மீட்டர்.

14 கித்தான் ஓவியங்கள் (எண்ணெய், அக்ரிலிக்), 11 காகிதப் படைப்புகள் (நீர்வண்ணம், கரிக்கோல், பொடியாக உதிரும் வண்ணக்கட்டியில் வரைந்த ஒரு பேஸ்டல்), 7 நெசவு மற்றும் தையல் படைப்புகள், 2 சணல் சிற்பங்கள். சிற்பங்களில் ஒன்று 22 கிலோ. கூரையிலிருந்து தொங்க வேண்டும்.

1. துணிப் படைப்புகளைத் தொய்வில்லாமல் மாட்டுவது எப்படி? மேல் இரண்டு மூலையிலும் வளையம் தைத்து ஆணியில் மாட்டினால் போதுமா?
2. துணிக்கும் காகிதத்துக்கும் வெளிச்சம் குறைவாக வேண்டும் என்பதால் அந்த 18 படைப்புகளையும் சின்ன அறையில் வைத்துவிடலாமா?
3. லேபிளில் என்னென்ன வர வேண்டும்?

நூலிழை

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். மூலை வளையம் வேண்டாம். மொத்த எடையும் இரண்டு இடத்தில் விழும்; மேல்விளிம்பு நடுவில் தொங்கும், மூலையருகே உள்ள இழைகள் நீண்டு கடைசியில் அறும். ஆறு வாரத்திலேயே அலை விழுந்துவிடும், அது பிறகு போகாது.

மேல்விளிம்பின் முழு அகலத்துக்கும் வெல்க்ரோ (ஒட்டிப் பிரிக்கும் நாடா) கொடுங்கள். 5 செ.மீ. அகல வெல்க்ரோவின் மென்மையான பக்கத்தை, 7 அல்லது 8 செ.மீ. அகலப் பருத்தி நாடாவில் மெஷினில் தைத்துக்கொள்ளுங்கள். அந்த நாடாவைப் படைப்பின் பின்புறத்தில் கையால் தைக்க வேண்டும். ஊசி இழைகளுக்கு நடுவே போக வேண்டும், இழையைக் குத்திப் பிளக்கக் கூடாது. நாடாவை முன்பே நனைத்துக் காயவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிற்பாடு சுருங்கி விளிம்பையும் சேர்த்து இழுக்கும். கொக்கிப் பக்கம் எப்போதும் சுவரில் பூட்டும் கட்டைக்குத்தான். மாற்றிப் போட்டால் சுருட்டி வைக்கும்போது கொக்கிகள் படைப்பின் நூலையே பிய்க்கும்.

கட்டைக்கு நேரான ரீப்பர் எடுங்கள், படைப்பைவிட இரு பக்கமும் 1 செ.மீ. குறைவாக. மரத்திலிருந்து வரும் அமிலம் துணியைப் பழுப்பாக்கும் என்பதால் இரண்டுக்கும் நடுவே பாலியெஸ்டர் தாள் ஒன்று வேண்டும். அலுமினியப் பட்டை கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. மாட்டும்போது நடுவில் அழுத்தி, பிறகு இரு பக்கமும் போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கம் மறு ஓரத்தில் போய்ச் சேரும். இறக்கும்போது மேலே கைவைத்துப் பிரியுங்கள், கீழே பிடித்து இழுக்காதீர்கள். தைப்பதற்கு முன் கலைஞரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், பின்புறமும் படைப்புதான்.

22 கிலோ சிற்பத்துக்கு ஒற்றைப் புள்ளி போதாது, சுழன்றுகொண்டே இருக்கும். இரண்டு புள்ளி, ஒவ்வொன்றும் தனியாகவே 110 கிலோ தாங்குவதாக (எடையைப் போல் 5 மடங்கு). கான்கிரீட்டிலோ உத்தரத்திலோ பூட்டுங்கள். பொய்க்கூரைச் சட்டத்தில் கூடவே கூடாது. நைலான் கயிறு நீளும், எஃகுக் கம்பிவடம் நீளாது. சணல் ஈரத்தை உறிஞ்சும், எடையும் நீளமும் மாறும்; தரையை ஒட்டித் தொங்கவிடாதீர்கள். இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜியின் சணல் சிற்பங்களின் படங்களைப் பாருங்கள்: அவர் தறியில் நெய்யவில்லை, கையால் முடிச்சிட்டார். முடிச்சு நெருங்கிய இடத்தில் எடை கூடும். ஆகவே கண்ணளவில் நடுப்புள்ளி குறிக்காமல், தூக்கிப் பார்த்துக் குறியுங்கள்.

லக்ஸ்மானி

வெளிச்சக் கணக்கு: துணி, நீர்வண்ணம் போன்றவற்றுக்கு அதிகபட்சம் 50 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு). எண்ணெய், அக்ரிலிக்குக்கு 200. உங்கள் காட்சி 36 நாள், 288 மணி நேரம். 50 லக்ஸில் மொத்தம் 14,400 லக்ஸ்-மணி. அதே நீர்வண்ணத்தை 200இல் வைத்தால் 57,600. சாயம் வெளுப்பது இந்த மொத்தத்தைப் பொறுத்தது, எனவே ஆள் இல்லாதபோது விளக்கை அணைப்பதும் பாதுகாப்புதான். விளக்குகளை ஏற்றிச் சரிபார்க்கும் நாள்களும் இதில் சேரும். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டரைப் படைப்பின் பரப்பை ஒட்டி, முகம் வெளிநோக்கி வைத்து, நான்கு மூலையும் நடுவும் அளவெடுங்கள். கைபேசிச் செயலியை நம்ப வேண்டாம். விளக்கு செங்குத்திலிருந்து 30 பாகை சாய்வில் இருந்தால் கண்ணாடியில் பிரதிபலிப்பு குறையும்; அதைவிடச் செங்குத்தாக வைத்தால் தடித்த சட்டகத்தின் நிழல் ஓவியத்தில் நீளும். ஜன்னலை முழுதும் மூடுங்கள். பகல் வெளிச்சத்துக்கு முன்னால் 50 லக்ஸ் கணக்கெல்லாம் வெறும் ஏட்டுச்சுரைக்காய்.

வேலை எளிதாக, 18ஐயும் சின்ன அறையில் வைத்து அறையையே மங்கலாக்கிவிடுங்கள்.

சுவராணி

லக்ஸ்மானியின் அளவுகள் சரி, கடைசி யோசனையில் உடன்பாடில்லை. கித்தானெல்லாம் பெரிய அறையில் பளிச்சென்று, துணியும் காகிதமும் பின்னறையில் மங்கலாக என்றால் அந்த அறை "கைவேலைப் பகுதி" ஆகிவிடும். ஜெர்மனியின் பாஹௌஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்த பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பினார்கள். அங்கிருந்து வந்த ஆனி ஆல்பர்ஸுக்கு 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தனிக் காட்சி வைத்தது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அங்கே அதுவே முதல் தனிக் காட்சி. அந்தச் சுவரை நாமே மறுபடி எழுப்புவானேன்?

200 என்பது உச்ச வரம்பு. எண்ணெய் ஓவியத்துக்கு அவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று விதியில்லை, 100 லக்ஸிலும் நன்றாகத் தெரியும். கித்தானை 100க்கு இறக்கினால் பக்கத்தில் 50இல் இருக்கும் நெசவு இருட்டாகத் தோன்றாது. 200க்கும் 50க்கும் பக்கத்துப் பக்கம் வைத்தால்தான் கண் ஏமாறும். வாசல் பகுதியை 150இல் தொடங்கிப் படிப்படியாகக் குறையுங்கள். கண் பழக இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தால் போதும். இப்படிச் செய்தால் கலைஞர் வாரியாகவோ கருப்பொருள் வாரியாகவோ கலந்து மாட்டலாம்.

உயரம்: படைப்பின் நடுப்புள்ளி தரையிலிருந்து 147 செ.மீ. ஆணியின் உயரம் = 147 + சட்டக உயரத்தில் பாதி − (சட்டக மேல்விளிம்பிலிருந்து இழுத்துப் பிடித்த கம்பி வரை உள்ள தூரம்). 80 செ.மீ. சட்டகம், கம்பி 8 செ.மீ. கீழே என்றால் 147 + 40 − 8 = 179. கம்பியை இழுக்காமல் அளந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு இறங்கி வரிசை பல்லைக் காட்டும்.

பெரிய படைப்புக்கு இந்த விதி செல்லாது. ஸ்வீடன் ஓவியர் ஹில்மா அஃப் கிளிண்ட் 1907இல் வரைந்த "பத்துப் பெரியவை" வரிசையில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3.2 மீட்டர் உயரம். அதன் நடுவை 147இல் வைத்தால் அடிப்பகுதி தரைக்குள் போகும்! 2 மீட்டருக்கு மேல் இருப்பவற்றுக்கு அடிவிளிம்பைத் தரையிலிருந்து 25 செ.மீ. உயர்த்தி மேல்நோக்கிப் போங்கள்.

சுவரில் வரும் 32இன் அகலங்களைக் கூட்டுங்கள். 24 மீட்டரைத் தாண்டினால் இரண்டு மூன்றைக் கழியுங்கள். கலைஞர்கள் வருத்தப்படுவார்கள்தான், ஆனால் நெருக்கி மாட்டினால் எல்லோருக்கும் நட்டம்.

கித்தான்காரி

கலந்தே மாட்டுகிறோம். பேஸ்டலுக்கு எடை குறைவு என்று அக்ரிலிக் தாள் போட்டிருக்கிறார்கள், பரவாயில்லையா?

லக்ஸ்மானி

கலந்து மாட்டுவது நல்லதே, சுவராணி சொன்னதை ஏற்கிறேன். மீட்டரோடு இன்னும் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள், அவ்வளவுதான்.

பேஸ்டலுக்குச் சாதாரண அக்ரிலிக் வேண்டாம். துடைத்தாலே நிலைமின் ஏறும், பொடியைத் தாளிலிருந்து இழுத்துத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியோ நிலைமின் தடுப்புள்ள அக்ரிலிக்கோ போடுங்கள். கரிக்கோலுக்கும் இதே கதை. எதுவானாலும் தாளுக்கும் கண்ணாடிக்கும் 4 அல்லது 5 மி.மீ. இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் ஈரக் காலத்தில் தாள் ஒட்டிக்கொள்ளும். மவுண்டில் (தாளைப் பொருத்தியிருக்கும் அட்டையில்) செலோடேப் இருந்தால் சட்டகத்தைப் பிரித்துக் காகிதப் பாதுகாப்பாளரிடம் கொடுங்கள், நீங்களே உரிக்காதீர்கள்.

மூன்றாம்வரி

லேபிள்: கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு (உயரம் × அகலம், செ.மீ.), யாரிடமிருந்து வந்தது. விளக்கம் 60 சொல்லுக்குள், எழுத்தின் அளவு 20 புள்ளிக்கு (பாயின்ட்) குறையாமல், தரையிலிருந்து 130 செ.மீ. 50 லக்ஸ் பகுதியில் வெளிர்சாம்பல் எழுத்து வைத்தால் யாராலும் படிக்க முடியாது, கறுப்பே போதும்.

பெயரைக் கலைஞர் தாமே கையெழுத்திட்டபடி எழுதுங்கள். கணவர் பெயர், குரு பெயரெல்லாம் முதல் வரிக்கு வரக் கூடாது. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் யூடித் லெய்ஸ்டரின் ஓவியங்கள் நெடுங்காலம் அதே காலத்து ஆண் ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸின் பெயரில் இருந்தன. ஒன்றில் லெய்ஸ்டருடைய பெயரின் முதலெழுத்துகளும் நட்சத்திரக் குறியும் 1893இல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே அவர் பெயர் மீண்டது. சட்டகத்தைப் பிரிக்கும்போதே பின்புறம், ஓரம், கையெழுத்து எல்லாவற்றையும் படமெடுத்துவிடுங்கள். படைப்பு எந்த நிலையில் வந்தது என்று பதியும் நிலை அறிக்கைக்கும் அதே படங்கள் உதவும். தேதி இல்லாததற்கு நீங்களாக ஆண்டு போடாதீர்கள். இந்தியக் கலைஞர் நஸ்ரீன் முகமதி பெரும்பாலான கோட்டோவியங்களுக்குத் தலைப்பும் தேதியும் வைக்கவில்லை. அங்கே "தலைப்பில்லை, தேதியில்லை" என்பதே சரியான தகவல்.

"பெண் ஓவியர்" என்று ஒவ்வொரு லேபிளிலும் வேண்டாம், வாசல் சுவர் உரையில் ஒரு தடவை சொன்னால் தெரிந்துவிடும்.

இன்னொன்று. உரிமையாளர் படைப்பை இரவல் தந்தார் என்பதற்காகப் படத்தை அச்சிடும் உரிமையும் வந்துவிடாது. பதிப்புரிமை பொதுவாகக் கலைஞரிடமோ அவர் வாரிசிடமோதான் இருக்கும். கையேடு, சுவரொட்டி, இணையம் மூன்றையும் பெயர் சொல்லித் தனியாக ஒப்புதல் வாங்குங்கள், அச்சுக்குப் போவதற்கு முன்.