இலங்கையில் தந்தை செல்வா தமிழ்க் காங்கிரஸை விட்டு வந்தது ஏன்?

வடலி: ஜி.ஜி. பொன்னம்பலமும் வழக்கறிஞர், தந்தை செல்வா எனப்படும் செல்வநாயகமும் வழக்கறிஞர். 1947இல் ஒரே கட்சியில் நின்று வென்றவர்கள். இரண்டே வருடத்தில் ஏன் பிரிந்தார்கள்? பதவிப் போட்டியா?

கடலோடி: பதவி கிடைத்தது பொன்னம்பலத்துக்குத்தான், அமைச்சரானார். 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை, அதாவது இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரை, நாடற்றவர்களாக்கியது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசில் சேர செல்வா மறுத்தார். 1949இல் அவருடைய தமிழரசுக் கட்சி பிறந்தது. மனுசன் மேடையில் பேசினால் பின்வரிசைக்குக் கேட்காது என்பார் எங்கள் அப்பு. சிவில் வழக்குக்காரர் அல்லவா, ஜூரி முன் முழங்கிப் பழக்கமில்லை. கிரிமினல் வழக்கில் சிங்கம் பொன்னம்பலம்தான்.

வடலி: சரி, சனம் உடனே செல்வா பக்கம் வந்ததா?

கடலோடி: எங்கே! 1952இல் தன் சொந்தத் தொகுதியான காங்கேசன்துறையிலேயே தோற்றார். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தனிச் சிங்களக் கோஷம் எழுந்த 1956 தேர்தலில்தான் மீண்டார்.

நெய்தல்: 1972 அரசியலமைப்பை எதிர்த்து எம்.பி. பதவியைத் துறந்ததையும் சேருங்கள். இடைத்தேர்தலை 1975 வரை இழுத்தடித்தார்கள். அப்போதும் அவரே வென்றார்.