ஒளியை முந்தும் தகவல்: குவாண்டம் பின்னலில் ஓட்டை உண்டா?

கடைசிபெஞ்ச்:
ஒளியை முந்திச் செய்தி அனுப்ப ஒரு வழி: 405 நானோமீட்டர் லேசரை பிபிஓ படிகத்தில் (ஒரு ஃபோட்டானை இரண்டாகப் பிரிக்கும் படிகம்) செலுத்தினால் 810 நானோமீட்டரில் பின்னிய ஃபோட்டான் ஜோடிகள் கிடைக்கும்; எவ்வளவு தூரம் பிரித்தாலும், ஒரே கோணத்தில் அளந்தால் ஜோடியின் விடைகள் பொருந்தும். ஒன்று செய்தி அனுப்பும் ஆலிஸுக்கு, மற்றது தொலைவில் அதைப் பெறும் பாபுக்கு. செய்தி '0' என்றால் ஆலிஸ் தளவிளைவை (ஒளி அதிரும் திசையை) 0/90 டிகிரியில் அளப்பாள். '1' என்றால் ±45-இல். பாப் தன் ஃபோட்டானை லேசர் பெருக்கியில் விட்டு 100 நகல் எடுத்து, பாதியை 0/90-இலும் மீதியை ±45-இலும் எண்ணுவான். எந்தப் பாதி ஒரே பக்கம் சாய்கிறதோ அதுவே செய்தி. எங்கே தப்பு?

வெர்னியர்:
1982-இல் இயற்பியலாளர் நிக் ஹெர்பர்ட் போட்ட திட்டமேதான். தப்பு பெருக்கியில். தூண்டு உமிழ்வோடு (உள்ளே வந்த ஃபோட்டானின் நகல்) தன்னிச்சை உமிழ்வும் (அதோடு தொடர்பின்றித் தானாக வரும் ஃபோட்டான்) ஒட்டிக்கொண்டு வரும். ஒன்றை இரண்டாக்கும் ஆகச்சிறந்த நகலியிலேயே துல்லியம் (நகல் மூலத்தோடு ஒத்துப்போகும் வாய்ப்பு) 5/6. நூறாக்கினால் சுமார் 67 சதவீதம்.

கடைசிபெஞ்ச்:
67 போதுமே! சரியான கோணத்தில் 67-33, தப்பான கோணத்தில் 50-50. நிறைய ஜோடி அனுப்பினால் தெரிந்துவிடாதா?

வெர்னியர்:
இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள். அவை வெறும் சராசரிகள். நகல்கள் தனித்தனி நாணயங்கள் அல்ல, சேர்ந்தே சாய்பவை. உகந்த நகலியின் 50 ஃபோட்டானை 0/90-இல் எண்ணினால், 0° பக்கம் 0 முதல் 50 வரை எந்த எண்ணிக்கைக்கும் வாய்ப்பு 1/51. ஆலிஸ் எந்தக் கோணத்தில் அளந்தாலும் அதே பரவல். அவளுக்கு 0° வந்தால் மேலே சாயும், 90° வந்தால் கீழே. அவள் விடை தெரியாத பாபுக்கு இரண்டும் கலந்து தட்டையாகிவிடும். இரண்டு பாதிகளையும் ஒப்பிட்டாலும் இதே கதைதான்.

ஊமைக்குயில்:
செய்தி போகாது, சரி. ஆனால் ஏதோ ஒன்று ஒளியை முந்துகிறதே? விடைகள் முன்பே எழுதிவைக்கப்பட்டிருந்தால் இரு பக்கப் பொருத்தத்தின் அளவு தாண்ட முடியாத பெல் எல்லை 2. 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 1.3 கி.மீ. இடைவெளியில் கிடைத்தது 2.42. 2008-இல் ஜெனீவா அருகே 18 கி.மீ. சோதனையில் அந்த 'ஏதோ'வுக்குக் குறைந்தது 10,000 மடங்கு ஒளிவேகம் என்றார்களே.

வெர்னியர்:
அந்தப் பத்தாயிரத்துக்கு முன்னால் ஒரு 'ஒருவேளை' இருக்கிறது: தனிச்சலுகை பெற்ற ஒரு குறிப்பாயம் (வேகங்களை அளக்க அடிப்படையாகும் பார்வைநிலை) இருந்து, அதில் பூமி ஒளிவேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக நகர்ந்தால். 2.42-ஐக் கணக்கிடவும் இரு பக்க விடைப் பட்டியல்களும் ஒரே கணினிக்கு வரவேண்டும். அவை சாதாரண வழியில்தான் வருகின்றன.

ஊமைக்குயில்:
பட்டியல் மெதுவாக வரட்டும். பொருத்தம் அதற்கு முன்பே அதில் இருந்ததே! முன்கூட்டி எழுதிவைத்த விடைகளால் 2-ஐத் தாண்ட முடியாது. எப்படித் தாண்டியது?

வெர்னியர்:
அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. அது வேறு சண்டை. தலைப்பில் இருப்பது 'தகவல்'. பாபின் பட்டியலை மட்டும் தருகிறேன், ஆலிஸ் எந்தக் கோணம் வைத்தாள் என்று சொல்லுங்கள்.