மறு: ‘ஃபேண்டம் பவர்’ தமிழில் – ‘உடன்மின்’ என்று வைத்துக்கொள்ளலாம்

அனைவருக்கும் வணக்கம்.

ஒலி வருகிற கம்பியிலேயே மைக்குக்கு வேண்டிய மின்சாரத்தையும் அனுப்புவதை ஆங்கிலத்தில் ‘ஃபேண்டம் பவர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிற இந்த இழையில் இதுவரை பேய்மின், மாயமின், மறைமின் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றுமே ‘ஃபேண்டம்’ (பேய், மாயத்தோற்றம்) என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன என்று தேடிப் போனதில் கிடைத்தவை. அந்தத் தேடலே வேண்டாம் என்பது என் கருத்து. கம்பிக்குள் நடப்பது என்ன, அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் யார், இந்த இரண்டையும் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுக்கு வருவோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொருக்குப்பேட்டையில் மொட்டை மாடி அறை ஒன்றில் ஒலிப்பதிவு செய்து தருகிறேன். கானா பாடுகிற பையன்கள் வருவார்கள், ராயபுரம் பக்கத்திலிருந்து கிறிஸ்தவப் பாடல் பதியக் குடும்பமாக வருவார்கள், போட்டித் தேர்வுப் பாடங்களைப் பேசிப் பதிந்து யூடியூபில் ஏற்றுகிற ஆசிரியை ஒருவர் வருவார். இவர்களில் பாதிப் பேர் வீட்டில் சொந்தமாக ஒரு மைக் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு இணையக் கடைகளில் ஸ்டாண்டு, பஞ்சு உறை எல்லாம் சேர்த்து விற்கிற கண்டென்சர் மைக், அதாவது மின்சாரம் கொடுத்தால்தான் வேலைசெய்கிற வகை. அதோடு ஒரு கம்பியும் வரும், ஒரு முனையில் மூன்று ஊசி எக்ஸ்எல்ஆர், மறுமுனையில் ஹெட்ஃபோன் குத்துகிற மாதிரி 3.5 மி.மீ. முனை. அதை நேரே மடிக்கணினியில் செருகினால் குரல் சன்னமாக வரும், மென்பொருளில் ஏற்றினால் குரலோடு சேர்ந்து ‘உஸ்’ என்ற இரைச்சலும் ஏறும். மைக் போலி என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

பெரும்பாலும் மைக் போலியில்லை, அதற்குச் சேர வேண்டிய மின்சாரம் சேரவில்லை, அவ்வளவுதான். உள்ளே இருக்கிற சுற்று 48 வோல்ட்டை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. மடிக்கணினியின் மைக் துளையில் கிடைப்பதோ பெரும்பாலும் 5 வோல்ட்டுக்குள், கைபேசியில் அதைவிடக் குறைவு. அரைப்பட்டினியில் ஓடுகிற சுற்றிலிருந்து அந்தச் சன்னமான குரல்தான் வரும். பெட்டியின் மேல் ‘48 வோல்ட் ஃபேண்டம் பவர் தேவை’ என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், படித்தாலும் அது என்னவென்று புரிவதில்லை. தமிழ்ச்சொல் வேண்டியது இந்த இடத்தில்தான். பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ கடைக்காரரிடம் நின்று ‘இந்த மைக்குக்கு இது வேணுமா, வேணாமா’ என்று ஒருவர் கேட்க முடிய வேண்டும்.

சரி, கம்பிக்குள் என்ன நடக்கிறது?

எக்ஸ்எல்ஆரில் மூன்று ஊசிகள். முதலாவது தரையும் உறையும். இரண்டாவதும் மூன்றாவதும் ஒலியைக் கொண்டுவருபவை, ஒன்றில் மேலே போகும்போது மற்றதில் கீழே போகிற மாதிரி, அதனால் நமக்கு வேண்டியது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மட்டும்தான். மிக்சரிலோ ஆடியோ இன்டர்ஃபேஸிலோ (மைக்கைக் கணினியோடு இணைக்கிற பெட்டி) 48 வோல்ட் பொத்தானை அழுத்தினால், 6.8 கிலோ ஓம் மின்தடை ஒவ்வொன்று வழியாக இரண்டாவது ஊசிக்கும் மூன்றாவது ஊசிக்கும் ஒரே அளவு மின்னழுத்தம் போய்ச் சேரும், முதல் ஊசி வழியாகத் திரும்பும். தண்ணீர் மட்டம் ஒரே உயரத்தில் இருக்கிற இரண்டு தொட்டிகளைக் குழாய் போட்டு இணைத்தால் குழாயில் தண்ணீர் ஓடாது இல்லையா, அதேபோல இரண்டு ஊசிகளுக்கும் நடுவில் சுருள் மட்டும் வைத்திருக்கிற டைனமிக் மைக்குக்கு இந்த 48 வோல்ட் வந்ததே தெரியாது. தெரியாமல் வந்து போவதால் ஃபேண்டம் என்று பெயர். அந்தப் பெயரும் ஒலிப்பதிவுக்காரர்கள் புதிதாக வைத்ததில்லை, தொலைபேசியில் இரண்டு ஜோடிக் கம்பிகளின் மேல் மூன்றாவதாக ஒரு பேச்சை ஏற்றி அனுப்பிய ஏற்பாட்டை ‘ஃபேண்டம் சர்க்யூட்’ என்றார்கள், அங்கிருந்து வந்தது.

> ஏன் குறிப்பாக 48? யாராவது விளக்க முடியுமா?

1966இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் டிரான்சிஸ்டர் மைக்குகளை நார்வே வானொலிக்குக் கொடுத்தபோது நிலைபெற்ற அளவு அது. அந்த வானொலி நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக ஏற்கனவே 48 வோல்ட் இணைப்பு ஓடிக்கொண்டிருந்தது, அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் அது பன்னாட்டுத் தரமானது. 12, 24 வோல்ட் வகைகளும் தரத்தில் உண்டு, ஆனால் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் 48தான்.

இனி சொற்கள்.

பேய்மின். சொன்ன ஐயா மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் தமிழில் ‘பேய்’ இப்படி முன்னால் வந்தால் பெரும்பாலும் இரண்டு பொருள்தான். ஒன்று கடுமை: பேய்மழை, பேய்க்காற்று. மற்றது உண்ண ஆகாத காட்டு வகை: பேய்ச்சுரை, பேய்ப்புடல், பேய்க்கரும்பு. திருவொற்றியூரில் பட்டினத்தார் கையிலிருந்த பேய்க்கரும்பு இனித்தது என்ற கதையை எங்கள் பக்கம் சின்னப் பிள்ளையும் சொல்லும், கசக்கிற கரும்பு என்பதால்தானே அது கதையாயிற்று. பேய்மின் என்று கேட்கிறவர் ஆளை அடிக்கிற மின்சாரம் என்று பயப்படுவார், அல்லது தரமற்ற மின்சாரம் என்று நினைப்பார். 48 வோல்ட்டும் சில மில்லி ஆம்பியரும் யாரையும் பயமுறுத்த வேண்டியதில்லை.

மாயமின் அதைவிடத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். இன்றைய தமிழில் மாயம் என்றால் காணாமல் போனது. காசிமேட்டிலிருந்து போன படகு கரை திரும்பவில்லை என்றால் செய்தித்தாளில் ‘மாயம்’ என்றுதான் தலைப்பு வரும். மாயமின் என்றால் கரண்ட் போய்விட்டது என்று பொருள்.

மறைமின்தான் மூன்றில் வலுவானது. நிலைமின் என்று பள்ளிப் பாடத்தில் இருக்கிறது, அதன் அச்சில் அழகாக விழுகிறது. முன்மொழிந்த அம்மாவின் விளக்கமும் அறிவியலாகச் சரி, டைனமிக் மைக்கின் கண்ணிலிருந்து அது மறைந்துதான் வருகிறது. ஆனால் வாங்குகிறவருக்கு அந்தப் பண்பு பயன்படுவதில்லை. அவருடைய மைக் கண்டென்சர், அதன் கண்ணுக்கு இந்த மின்சாரம் மறையவே இல்லை, அதை உண்டுதான் அந்த மைக் உயிர்வாழ்கிறது. மறைந்திருக்கிறது என்று சொல்வதைவிட, ஒலி வருகிற அதே கம்பியில் மின்சாரமும் சேர்ந்து போகிறது என்று சொல்வது அவருக்கு உடனே உதவும். தனியாக அடாப்டர் வயர் எங்கே என்று தேட மாட்டார், எதிர்முனையில் இருக்கிற கருவி மின்சாரம் கொடுக்குமா என்று கேட்பார்.

அதனால்தான் உடன்மின். ஒலியுடன் ஒரே கம்பியில் செல்லும் மின்சாரம்.

> ‘உடன்’ என்றால் ‘உடனடி’ என்று படித்துவிட மாட்டார்களா?

படிக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டி வருகிற உடன் எப்போதும் ‘சேர்ந்து’ என்ற பொருளில்தான் வருகிறது: உடன்பிறப்பு, உடன்பாடு, உடன்விளைவு. விரைவைச் சொல்ல உடனே, உடனடி என்று வேறு உருவம் இருக்கிறது, அல்லது வினைக்குப் பின்னால் வரும், ‘வந்தவுடன்’ மாதிரி. புணர்ச்சியிலும் தொல்லையில்லை, உடன்மின், உடன்மின்னை, உடன்மின்னுக்கு. மேடையில் நின்று ‘உடன்மின் போட்டுட்டியா?’ என்று கத்தினாலும் வாய்க்குள் அடங்குகிறது.

> அனல்மின், நீர்மின் எல்லாம் மின்சாரம் எதிலிருந்து பிறந்தது என்பதைக் காட்டும் சொற்கள். உடன்மின் அப்படி இல்லையே.

உண்மை. அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையத்தைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு அந்த அச்சு மனதில் ஊறியிருக்கும். ஆனால் நிலைமின் எதிலிருந்தும் பிறந்த மின் இல்லை, அது இருக்கிற நிலையைச் சொல்கிறது. அதுபோல உடன்மின் அது வருகிற விதத்தைச் சொல்கிறது. இரண்டு அச்சுக்கும் தமிழில் இடம் இருக்கிறது.

உடன்மின்னுக்கு இன்னொரு பயன் உண்டு, எனக்கு இதுதான் முக்கியம். கைபேசியிலும் மடிக்கணினியிலும் குத்துகிற காலர் மைக் இருக்கிறதே, அதற்கும் மின்சாரம் வேண்டும், அதுவும் ஒலிக் கம்பியிலேயேதான் வருகிறது, ஆனால் அது ஃபேண்டம் இல்லை. ஆங்கிலத்தில் அதற்குப் ‘பிளக்-இன் பவர்’ என்று தொடர்பே இல்லாத இன்னொரு பெயர். பெயர்கள் இரண்டும் தனித்தனியாகக் கிடப்பதால் இரண்டும் ஒரே வேலையை வெவ்வேறு அளவில் செய்கின்றன என்பதே தெரியாமல் போகிறது. நாம் இரண்டையும் உடன்மின் என்று சொல்லி முன்னால் அளவைப் போட்டுவிடலாம்: 48 வோல்ட் உடன்மின், 5 வோல்ட் உடன்மின். பொத்தானின் மேலும் 48 என்றுதான் எழுதியிருக்கிறது. இந்த மைக்குக்கு 48 வோல்ட் உடன்மின் வேண்டும், உன் மடிக்கணினி 5 வோல்ட்தான் கொடுக்கும் என்று சொன்னால் ஒன்பதாவது படிக்கிற பையனுக்கும் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும். 48 வோல்ட் கொடுக்கிற ஒரு சின்னப் பெட்டி தனியாகவே விற்கிறது, அதை நடுவில் வைத்தாலே அந்த விலை குறைந்த மைக் முழுக் குரலில் பேசும், அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

இந்த விலைக்கு அந்த மைக்குகள் எப்படிக் கிடைக்கின்றன என்றும் ஒருவர் கேட்டிருந்தார். 1962இல் பெல் ஆய்வகத்தில் ஜெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் எலக்ட்ரெட் மைக்கைச் செய்தார்கள். மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் மின்னூட்டத்தை நிரந்தரமாகத் தங்கவைத்துவிட்டதால் கண்டென்சர் தட்டுகளுக்கென்று தனியாக மின்னழுத்தம் கொடுக்கத் தேவையில்லாமல் போனது, உள்ளிருக்கிற சின்னப் பெருக்கிக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போதும். கைபேசி, காலர் மைக், பெரிய வலைத்தலை போட்ட பல மலிவு மைக்குகள் வரை உள்ளே அதுதான். இங்கே இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் பாடநூல்களில் மின்னூட்டம் என்றால் சார்ஜ். ஆகவே யாரோ எழுதிய ‘மறைமின்னூட்டம்’ வேண்டவே வேண்டாம், அது எலக்ட்ரெட்டுக்குத்தான் பொருந்தும்.

எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். யுஎஸ்பி மைக்குக்கும் கம்பி வழியாகத்தான் மின்சாரம் போகிறது, ஆனால் அந்தக் கம்பிக்குள் மின்சாரத்துக்குத் தனி இழை, தரவுக்குத் தனி இழை. அது உடன்மின் ஆகாது. பழைய படப்பிடிப்பு மைக்குகளில் ஒலிக் கம்பிகள் இரண்டுக்கும் நடுவிலேயே 12 வோல்ட் கொடுப்பார்கள், அது உடன்மின்தான், ஆனால் ஃபேண்டம் இல்லை, டைனமிக் மைக்கை அதில் மாட்டினால் சுருள் கெடலாம். அப்படிப்பட்ட நுண்ணிய வேறுபாட்டைப் பொறியியல் நூலில் காட்ட வேண்டிவந்தால் ‘மறைவகை உடன்மின்’ என்று எழுதலாம், அம்மா சொன்ன ‘மறை’ அங்கே சரியாகப் பொருந்துகிறது. தொலைபேசியின் பழைய ஃபேண்டம் சர்க்யூட்டை மறைசுற்று என்றே வைத்துக்கொள்வோம்.

> உடன்மின் வேண்டிய மைக்தான் உயர்ந்தது என்று ஆகிவிடாதா?

ஆகக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் தெருவில் சரக்கு ரயில் சத்தம் கேட்கும், எண்ணூர் சாலைப் பக்கம் இருப்பவர்களுக்கு இரவெல்லாம் கண்டெய்னர் லாரி. மேலே தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ, சுவர்கள் வெறும் சுவர்கள். அந்த அறையில் கண்டென்சர் மைக்கை வைத்தால் பாடகரோடு பேட்டையே பதிவாகும். உரக்கப் பாடுகிற கானாவுக்கு, சட்டி மேளத்துக்கு, டைனமிக் மைக்கை வாயருகே பிடித்துப் பாடினால் குரல் முன்னால் நிற்கும், வெளிச்சத்தம் பின்னால் போகும். ஷூர் எஸ்எம்58 1966இல் வந்த வடிவம், அதே வடிவத்தில் மலிவாகச் செய்த மைக் எல்லா சவுண்டு சர்வீஸ் கடையிலும் கிடக்கிறது, அதில் ஒன்றைக் கேட்டு வாங்கினாலே வீட்டுப் பதிவுக்குத் தொடங்கிவிடலாம். அவை தருகிற மின்குறி மிகச் சிறியது, எஸ்எம்58இல் ஒரு பாஸ்கல் ஒலிக்கு 1.85 மில்லிவோல்ட்தான், எனவே இன்டர்ஃபேஸில் பெருக்கம் நிறைய வைக்க வேண்டிவரும், மெல்லப் பேசுகிறவருக்கு அங்கே இரைச்சல் தெரியும். பாடம் பதிகிற ஆசிரியைக்கு நான் கண்டென்சரைத்தான் சொன்னேன், மெத்தையும் போர்வையும் தொங்கவிட்ட மூலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு. ஆகவே நம் கலைச்சொல் பட்டியலில் ‘உடன்மின் வேண்டும் மைக்’, ‘உடன்மின் வேண்டா மைக்’ என்று இரண்டாகப் பிரித்து எழுதுவோம், உயர்வு தாழ்வு தொனிக்காது.

மைக்கா ஒலிவாங்கியா என்ற சண்டையை இங்கே இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுத்தில் ஒலிவாங்கி நிலைத்துவிட்டது, பேச்சில் மைக் நிலைத்துவிட்டது. டைனமிக்குக்கு இயங்குசுருள் ஒலிவாங்கி, கண்டென்சருக்கு மின்தேக்கி ஒலிவாங்கி என்பதை யாரும் மறுக்கவில்லை.

பட்டியலில் சேர்க்க வரையறை இப்படி இருக்கலாம்:

உடன்மின்: ஒலிவாங்கிக்குத் தேவையான மின்சாரத்தை, ஒலிக்குறி வருகின்ற அதே கம்பிகளின் வழியாக எதிர்முனைக் கருவி கொடுப்பது. மின்னழுத்தத்தைச் சேர்த்தே குறிக்க வேண்டும். 48 வோல்ட் உடன்மின்னைப் போடும்போதும் எடுக்கும்போதும் ஒலியளவை முழுக்கக் குறைத்துவிட வேண்டும்.

கடைசி வரி வரையறைக்குரியது இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். ஹெட்ஃபோனில் ‘டப்’ என்று விழுகிற அடி காதுக்கு நல்லதில்லை, அதனால் இருக்கட்டும் என்கிறேன். நாடா ஒலிவாங்கி (ரிப்பன் மைக், மெல்லிய உலோக நாடா அதிர்ந்து ஒலியை எடுப்பது) வைத்திருப்பவர்கள் 48ஐ அணைத்துவிட்டே மாட்டுங்கள், கம்பி இணைப்பில் பிழை இருந்தால் நாடா போய்விடும்.

மறுப்பு இருப்பவர்கள் வேறு சொல்லோடு வாருங்கள், பேசலாம். வாயருகே பிடித்தால் கீழ்ச்சுருதி தடிப்பதற்கு ‘அண்மை விளைவு’ என்பதைத் தனி இழையில் வைக்கிறேன்.

அன்புடன்,
கொருக்குப்பேட்டையிலிருந்து