வீட்டில் பிள்ளை பார்ப்பவருக்குக் கொடுக்கும் பணத்துக்கு அரசு உதவி உண்டா?

கேள்வி:
வணக்கம். என் கணவருக்கு மலேசியாவில் கூலிம் தொழிற்பூங்காவில் வேலை கிடைத்ததால் தமிழ்நாட்டிலிருந்து பாடாங் செராய்க்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. எனக்கும் வேலை அனுமதி வந்துவிட்டது; திங்கட்கிழமை சேர வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் ஓர் அம்மா தம் வீட்டிலேயே மகளைப் பார்த்துக்கொள்ள மாதம் 450 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். வாடகை போக அவ்வளவு மிஞ்சவில்லை. அரசு ஏதேனும் தருமா? இரண்டு இரவுகளாக உறக்கமில்லை.

பதில் 1:
உண்டு, தங்கச்சி. சமூக நலத்துறை ஏழைக் குடும்பப் பிள்ளைகளுக்கு மாத உதவித்தொகை தருகிறது. உடனே விண்ணப்பியுங்கள்.

பதில் 2:
அவ்வுதவி குடிமக்களுக்கு உரியது. வேலை அனுமதியில் வந்தவர்களுக்குக் கிடைக்காது. நான் வந்த புதிதில் இப்படி யாரோ சொன்னதைக் கேட்டு, கைக்குழந்தையுடன் பேருந்தில் அலைந்து, அரை நாள் சம்பளத்தையும் இழந்தேன். பணிப்பெண் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதற்கான முன்செலவை உங்களால் தாங்க முடியாது.

பதில் 3:
என் தாயார் பால்மரம் சீவிய நாளில் விடியற்காலையில் எங்களைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார். அதை நடத்தும் பொறுப்பு தோட்ட நிர்வாகத்துடையது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் அந்தச் செலவு முழுவதும் தாய்மார் தலையில் விழுந்துவிட்டது. இதை எண்ணும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

பதில் 4:
அக்காவின் ஆதங்கம் நியாயமானது; ஆனால் இவருக்குத் திங்கட்கிழமைக்குள் விடை வேண்டும். மகளின் வயதையும், அந்த அம்மா மொத்தம் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார் என்பதையும் சொல்லுங்கள். 1984-ஆம் ஆண்டுக் குழந்தை பராமரிப்பு நிலையச் சட்டப்படி, வீட்டில் 4 முதல் 9 பிள்ளைகள் வரை பார்ப்பவர் சமூக நலத்துறையில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு பெற்ற தாஸ்காவுக்கு, அதாவது குழந்தை பராமரிப்பு நிலையத்துக்கு, செலுத்தும் கட்டணத்துக்கு, 6 வயது வரையிலான பிள்ளைக்காக ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை வருமான வரி விலக்கு உண்டு. பெற்றோரில் ஒருவர் மட்டுமே கோரலாம். இது கைக்கு வரும் பணமன்று. வரிக்குரிய வருமானம்தான் குறையும். 11 விழுக்காட்டு வரிப்படியில் இருப்பவருக்கு அதிகபட்சம் 330 வெள்ளி மிச்சமாகும். வரிக்கணக்கில் நீங்கள் நாட்டில் வசிப்பவராகக் கருதப்பட்டால்தான் இதுவும். பொதுவாக அந்த ஆண்டில் 182 நாள்கள் இங்கு இருந்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மகளுக்கு இரண்டரை வயது. அவரிடம் ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். பதிவைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

பதில் 4:
அப்படியானால் முன்பணம் கொடுப்பதற்கு முன் பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். வரியைவிட மகளின் பாதுகாப்புக்கு அது முக்கியம். சான்றிதழ் இருந்தால் மாதந்தோறும் பற்றுச்சீட்டு வாங்கி 7 ஆண்டுகள் வைத்திருங்கள்; இல்லையென்றால் கூலிமில் பதிவு பெற்ற தாஸ்காக்களை நாளையே விசாரியுங்கள். இருவருடைய முதலாளிகளிடமும் குழந்தை பராமரிப்புப் படி (சம்பளத்துடன் தரும் தொகை) உண்டா என்று கேளுங்கள். 2024 முதல் அதில் ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை வரி கிடையாது. உங்கள் நிலையில் மாதச் செலவை உண்மையில் குறைக்கக்கூடியது அந்தப் படிதான்.