சிகரெட்டை விட்ட பின்னும் நிகோடின் அடிமைதான் என்று நீங்கள் ஒப்புக்கொண்ட தருணம் எது?

கோடம்பாக்கத்துக்காரன்:

நான் சிகரெட்டை விட்டு ஆறு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகின்றன. சென்ற மாதம் கண்ணம்மாபேட்டை மயானத்துக்கு வெளியே நடந்த ஒன்று இன்னும் மனத்தை விட்டு அகலாததால் இதை எழுதுகிறேன். கல்லூரி நாள் முதல் பழகிய நண்பனின் தந்தை காலமாகிவிட்டார். எல்லாம் முடிந்து சாலையோரம் வந்து நின்றதும், அவன் ஒன்றும் பேசாமல் பாக்கெட்டைத் திறந்து என் பக்கம் நீட்டினான். இருபது ஆண்டுகளாக அவன் நீட்டுவதும் நான் எடுப்பதுமாகவே இருந்தோம்.

அன்றும் எடுத்துவிட்டேன். எடுக்கலாமா வேண்டாமா என்ற யோசனையே எழவில்லை. பஞ்சு முனை உதட்டில் பட்ட பிறகுதான் என் கை என்ன செய்தது என்பதே எனக்குத் தெரிந்தது. அவன் தீக்குச்சியைக் கிழித்து, காற்றுக்கு மறைவாகக் கையைக் குவித்து, என் முகத்தருகே கொண்டுவந்தான். அந்தச் சுடரின் சூடு மேலுதட்டில் பட்டதை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன். "ஒண்ணே ஒண்ணுடா, இன்னிக்கு மட்டும்" என்றான்.

இந்த ஆறு ஆண்டுகளில் யார் நீட்டினாலும் "தொண்டை சரியில்லை" என்றோ, "விட்டுட்டேன்பா" என்றோ சொல்லித்தான் தப்பித்திருக்கிறேன். அன்று முதல்முறையாக, "எனக்கு இது அடிமைத்தனம்டா. இப்ப ஒண்ணு பிடிச்சா நாளைக்குப் பாக்கெட் வாங்கிடுவேன்" என்று சொன்னேன். தந்தையை எரித்துவிட்டு வந்து நின்றவன் அவன். ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் நான் என் நோயைச் சொன்னேன். அவன் சுடரை ஊதி அணைத்தான். என் உதட்டிலிருந்து சிகரெட்டைத் தானே எடுத்துப் பாக்கெட்டில் திரும்ப வைத்தான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு 10 சிகரெட், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 10 இழுப்பு என்றால், ஆண்டுக்கு 36,500 இழுப்பு, இருபது ஆண்டுகளில் 7 லட்சத்துக்கும் மேல். உள்ளே இழுத்த புகையிலுள்ள நிகோடின் 10 முதல் 20 விநாடிகளுக்குள் மூளையை எட்டிவிடுகிறது. அத்தனை லட்சம் முறை பழக்கப்பட்ட ஒரு மூளை, ஆறு ஆண்டுகள் சும்மா இருந்ததால் எல்லாவற்றையும் மறந்திருக்கும் என்று நான் நம்பியது எவ்வளவு பெரிய அறியாமை! நான் வென்றுவிட்டேன் என்ற எண்ணத்தில் இருந்தவரை எனக்குள் ஓர் அச்சம் ஒளிந்திருந்தது. ஒப்புக்கொண்ட பிறகு அது இல்லை. உங்களில் யாருக்கேனும் இப்படி நேர்ந்ததுண்டா?

கன்னிசாமி:

எனக்கு நேர்ந்தது மாலை போடுகிறவர்கள் எல்லோருக்கும் புரியும். ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கார்த்திகை முதல் தேதி மாலை அணிந்து சபரிமலைக்குச் சென்றேன். ஒவ்வோர் ஆண்டும் அந்த 41 நாளும் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை. அதற்காகத் தவித்ததாகவும் நினைவில்லை. நினைத்தால் விட்டுவிடும் வல்லமை எனக்கு உண்டு என்று வீட்டில் பெருமையாகச் சொல்வேன். ஆண்டுதோறும் என் சான்று அந்த 41 நாள்தான்.

ஒன்பதாம் ஆண்டு மலையிலிருந்து திரும்பி, அதிகாலையில் அரும்பாக்கத்தில் இறங்கினேன். அம்மா மாலையைக் கழற்றினார்கள். நெற்றியில் விபூதி காயவில்லை. தெருமுனைப் பெட்டிக்கடையில் போய் நின்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், நான் வாய் திறப்பதற்குள், என் பிராண்டில் ஒன்றை உருவி எடுத்து இரு கைகளாலும், பிரசாதம் தருவதைப் போல, நீட்டினார். என் மனத்தை நோகடிக்க அவர் அப்படிச் செய்யவில்லை. வாடிக்கையாளரை அன்போடு வரவேற்றார். ஆனால் நான் திரும்பி வருவேன் என்பதை என்னைவிட அவர் நன்றாக அறிந்திருந்தார் என்பது அந்தக் கைகளைப் பார்த்தபோது உறைத்தது. அன்று நான் அதை வாங்கிப் பிடித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் பாதியாகக் குறைந்துகொண்டே போய், சில நாள்களில் உடலைவிட்டு நீங்கிவிடுகிறது என்பதைப் பின்னர்தான் படித்தேன். அப்படியானால் நாற்பத்தொன்றாம் நாள் என் இரத்தத்தில் அது இருந்திருக்க வாய்ப்பே இல்லை. என்னைக் கடைக்கு நடத்திச் சென்றது வேறொன்று. அதற்கு அடுத்த ஆண்டு, 2018இல், மாலையைக் கழற்றியதும் அந்தத் தெருவழியே போகாமல் அடுத்த தெருவழியே வேலைக்குச் சென்றேன். இன்றுவரை அந்த அடுத்த தெருதான் என் வழி.

முடிச்சூர் வாசி:

சுருக்கமாகச் சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளம் வந்தபோது நான் சிகரெட்டை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கீழ்த்தளம் முழுகிவிட்டது, மின்சாரம் இல்லை, கைப்பேசி இல்லை, மொட்டை மாடியில் மூன்று குடும்பங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பாலித்தீன் பையில் நான்கு சுற்றுச் சுற்றிய ஒரு தீப்பெட்டியை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்தார். எல்லாம் நனைந்துபோன ஊரில் அந்தத் தீப்பெட்டி மட்டும் காய்ந்திருந்தது. ஒரே சிகரெட்டை நான்கு ஆண்கள் பகிர்ந்துகொண்டோம். எனக்குக் கிடைத்தவை மூன்று இழுப்புகள். தண்ணீர் ஒரு வாரத்தில் வடிந்தது. என் சிகரெட் பழக்கம் மீண்டும் நிற்க மூன்று ஆண்டுகள் ஆயின. கோடம்பாக்கத்துக்காரரே, உங்கள் நண்பர் சுடரை ஊதி அணைத்தார் என்று படித்தபோது கண் கலங்கிவிட்டது.

பெரம்பூர் மூத்தவன்:

மூன்று பதிவுகளையும் படித்தேன். உங்கள் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் 'அடிமை' என்ற சொல்லை நீங்கள் இவ்வளவு எளிதாகச் சூடிக்கொள்வதை ஏற்க இயலவில்லை. தஞ்சைப் பக்கத்தில் என் பாட்டனார் பண்ணையாளாக இருந்தவர். அந்தச் சொல்லைப் பிறர் அவர்மீது சுமத்தினார்கள். அதை உதறிவிட்டு ரயிலேறித்தான் என் தந்தை இந்தப் பட்டணத்துக்கு வந்தார். இரண்டு தலைமுறை பாடுபட்டு உதறிய சொல்லை, ஒரு துண்டுப் புகையிலைக்காக நான் மீண்டும் எடுத்து அணிய வேண்டுமா? எனக்கு இருந்தது பழக்கம். பழக்கத்தை மாற்றினேன். அவ்வளவுதான்.

ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தேன். பீடி நாளுக்கு ஒரு கட்டு. 1998இல் ஒரே நாளில் நிறுத்தினேன். மருந்தும் இல்லை, மருத்துவரும் இல்லை. நிறுத்தி மூன்று ஆண்டுகள் கழித்து ஒருநாள் இரவு ஷிப்டு முடிந்து டீக்கடைக்கு வந்தேன். அந்தக் காலத்துக் கடைகளில் தூணில் ஒரு தேங்காய்நார்க் கயிறு தொங்கும், அதன் நுனி எப்போதும் கனன்றுகொண்டிருக்கும். பீடி பற்றவைக்க அதுதான். நான் டீ சொல்லிவிட்டு, கயிற்றைப் பிடித்து, நுனியை ஊதிச் சிவக்கச் செய்து, வாயருகே கொண்டுவந்துவிட்டேன். வாயில் பீடி இல்லை. உடன் வேலை பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கயிற்றை விட்டுவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்தேன். இதற்குப் பெயர் பழக்கமே தவிர அடிமைத்தனம் அன்று. மன உறுதி உள்ளவனுக்கு இந்தச் சொல் தேவையில்லை என்பது என் கருத்து.

துரைப்பாக்கம் தோழி:

பெரம்பூர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் பாட்டனாரைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். 'பழக்கம்' என்றுதான் உலகமே நெடுங்காலம் நினைத்தது. அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 1964ஆம் ஆண்டு அறிக்கை, புகைத்தல் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று உறுதியாகச் சொன்னபோதும், அதைப் பழக்கம் என்றே வகைப்படுத்தியது. 1988இல் எவரெட் கூப் அந்தப் பதவியில் இருந்தபோது வெளியிட்ட அறிக்கைதான் நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள் என்றும், அது செயல்படும் விதம் ஹெராயின், கோகெய்ன் போன்றவற்றை ஒத்தது என்றும் அறிவித்தது. பீடி வாயில் இல்லாமலே கனலும் கயிற்றை உங்கள் கை தேடிப் போனதே, ஐயா, மூன்று ஆண்டுகள் கழித்து! அதை நான் மன உறுதிக் குறைவாகப் பார்க்கவில்லை. ஆனால் வெறும் பழக்கமாகவும் பார்க்க முடியவில்லை.

என் கதை சிறியது. ஒரு பெண் புகைப்பது தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே பதினோரு ஆண்டுகள் ஒளித்தேன். ஆலோசனைக்குப் போனபோது அங்கிருந்த பெண்மணி, நாளைக்கு எத்தனை என்று கேட்பதற்கு முன், "காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?" என்று கேட்டார். பல் துலக்குவதற்கு முன்பே, குளியலறையில், காற்றாடியைப் போட்டுவிட்டு, என்று சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. "ஐந்து நிமிடத்துக்குள்" என்று தாளில் குறித்துக்கொண்டார். யாரோ ஒருவர் அதைக் காய்ச்சலின் அளவைப் போல எழுதிக்கொண்டதைப் பார்த்தபோது அழுதுவிட்டேன்.

புதிதாக விட்டவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன். முதலாவது, காபி. சிகரெட் புகையிலுள்ள சில பொருள்கள் (நிகோடின் அல்ல) கல்லீரல் காஃபீனைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டுகின்றன. சிகரெட்டை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்து, அதே அளவு காபி குடித்தாலும் காஃபீன் உடலில் நெடுநேரம் தங்குகிறது. விட்ட முதல் வாரத்தில் நெஞ்சு படபடப்பதும், கை நடுங்குவதும், இரவில் உறக்கம் வராததும் முழுக்க நிகோடின் இல்லாத தவிப்புதான் என்று எண்ணி எத்தனையோ பேர் மீண்டும் பற்றவைத்துவிடுகிறார்கள்; அதில் ஒரு பங்கு நம் வீட்டு ஃபில்டர் காபியின் வேலையாக இருக்கலாம். நான் நாளுக்கு நான்கு டம்ளரை இரண்டாகக் குறைத்த பிறகுதான் உறங்கினேன். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

இரண்டாவது, நிகோடின் சூயிங்கம். சாதாரண சூயிங்கத்தைப் போல மென்றுகொண்டே இருந்தால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும்; விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். மெதுவாக மென்று, நாக்கில் காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். காபியோ எலுமிச்சைச் சாறோ குடித்து 15 நிமிடங்களுக்குள் போட்டுக்கொண்டால் வாயில் சரியாக உறிஞ்சப்படாது. விழித்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைத்தவர்களுக்குப் பொதுவாக 2 மி.கி. போதாது, 4 மி.கி. பரிந்துரைப்பார்கள். அதுவும் போதாதவர்களுக்கு வாரெனிக்லின், புப்ரோப்பியன் என்ற மாத்திரைகள் உண்டு. அவற்றை மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டுமே எடுக்க வேண்டும். சிகரெட் பாக்கெட்டின் மேலேயே 1800112356 என்ற கட்டணமில்லா எண் 2018 முதல் அச்சிடப்பட்டு வருகிறது. எத்தனை பாக்கெட் வாங்கியும் நான் அதைப் படித்ததில்லை. இங்கே அடையாறு புற்றுநோய் நிறுவனத்திலும் புகையிலையை விடுவதற்கான ஆலோசனை உண்டு.

பெரம்பூர் மூத்தவன்:

அம்மா, 1964, 1988 செய்தி எனக்குப் புதிது. கயிற்றைப் பற்றி நீங்கள் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். அன்று கயிற்றை விட்ட பிறகு, வேறெந்தக் கடையிலும் தூண் பக்கம் நின்று டீ குடித்ததில்லை; எப்போதும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று இதுவரை என்னை நானே கேட்டதில்லை. கன்னிசாமி தெருவை மாற்றியதும் இதுவும் ஒன்றுதான் போலிருக்கிறது. அந்தச் சொல்லை மட்டும் நான் சொல்ல மாட்டேன். "அது என்னைவிட்டு முழுக்கப் போகவில்லை" என்று வேண்டுமானால் சொல்கிறேன். அதுவே எனக்குப் பெரிய ஒப்புதல்.

கோடம்பாக்கத்துக்காரன்:

ஐயா, உங்கள் வாக்கியத்தையே நானும் எடுத்துக்கொள்கிறேன். சொல் எதுவானாலும், ஒன்றே ஒன்று என்பது எனக்கு இல்லை என்று தெரிந்தால் போதும். முடிச்சூர் நண்பரின் மூன்று இழுப்புகளை இனி மறக்க மாட்டேன்.

நேற்று நண்பன் வீட்டில் பதினாறாம் நாள் காரியம். சாப்பிட்டு முடித்து அவனும் நானும் வழக்கம்போல் தெருமுனைக்கு நடந்தோம். அவன் சட்டைப்பையில் பாக்கெட் இருந்தது, வெளியிலிருந்தே தெரிந்தது. கடைக்கு வந்ததும் கை தன்னியல்பாகப் பையருகே போய், பாதியில் நின்று, கீழே இறங்கியது. "ரெண்டு டீ" என்றான். டீ வரும்வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு பாக்கெட்டின் மேலே அந்த எண் எந்தப் பக்கம் இருக்கிறது என்று என்னிடம் கேட்டான்.