முத்தியால்பேட்டை ஷெட்டில் நிற்கும் ஸ்பிட்ஃபயர்: என்ஜினைப் பிரிக்கலாமா, மாற்றிவிடலாமா?

முத்தியால்பேட்டை_பேரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம், புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது கொண்டுவந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற இங்கிலாந்து கார் இன்னும் எங்கள் வீட்டுப் பின்பக்க ஷெட்டில்தான் நிற்கிறது. 1968 மாடல், 1296 சிசி, ரெண்டே சீட்டு, இடது பக்க ஸ்டியரிங். அப்பா 1994 வரை ஓட்டினார். கடைசி நாட்களில் கிளட்சை மிதித்தாலே என்ஜின் சத்தம் மாறி நின்றுபோகப் பார்க்குமாம், கிளட்ச் பிளேட்டைப் பார்க்க வேண்டும் என்று ஓரமாக நிறுத்தியவர் அப்புறம் தொடவே இல்லை.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த ராத்திரி, ஷெட்டின் தகரக் கூரை பறந்துவிட்டது. பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம், கார்புரேட்டரில் ஏர் ஃபில்டரும் இல்லை, மழை நேராக உள்ளே இறங்கியிருக்கிறது. இப்போது என்ஜினின் சுழல்தண்டு, அதாவது கிராங்க், அதன் முனையில் இருக்கும் புல்லியில் ஸ்பேனர் போட்டுத் திருகினால் ஒரு நூல்கூட நகரவில்லை.

காட்டிய ரெண்டு பட்டறையிலும் ஒரே பதில்: "இதைத் தூக்கிப் போடு தம்பி, மாருதி ஜிப்சி என்ஜினை உட்கார வெச்சிடலாம், நாலு நாள் வேலை." அப்பாவுக்கு 74 வயது. அந்த என்ஜின் சத்தத்தை அவர் இன்னொரு முறை கேட்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான். அதே என்ஜினைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? எங்கிருந்து தொடங்குவது?

லேத்து_கடலூர் பதில்:

தம்பி, முதலில் அந்த ஸ்பேனரைக் கீழே வை. இன்னும் அழுத்தினால் புல்லி போல்ட் முறியும், இல்லாவிட்டால் பிஸ்டன் ரிங் உடைந்து போரை, அதாவது சிலிண்டரின் உள்சுவரை, கீறிவிடும்.

நான் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் லேத் வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நிறைய வரும், மெட்ராசில் செய்த வண்டி, 948 சிசி. உன் ஸ்பிட்ஃபயர் அதே வீட்டுப் பிள்ளைதான், ரெண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி. என்ஜின் வம்சம் ஒன்று, ஸ்டியரிங் ரேக்கும் முன்பக்க சஸ்பென்ஷனும் ஒரே அமைப்பு. அதனால் இங்கே யாருக்கும் தெரியாத வண்டி என்று பயப்படாதே, ஹெரால்டு பார்த்த மிஸ்திரி யாராவது உன் ஊரிலேயே இருப்பார், அவரைத் தேடு.

செய்ய வேண்டியது இது. நாலு பிளக்கையும் கழற்று. ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். ஆயிலும் மண்ணெண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து அரை டம்ளர் விடு, பிளக் ஓட்டையைத் துணியால் மூடு. எந்த சிலிண்டரில் சீக்கிரம் இறங்குகிறது, எதில் தேங்கி நிற்கிறது என்று பார்த்துக்கொள், தேங்குகிற இடத்தில்தான் ரிங்கும் துருவும் ஒட்டிக்கிடக்கும். ஒரு வாரம் பத்து நாள் விடு, தினமும் கொஞ்சம் ஊற்று. அப்புறம் நாலாவது கியரில் போட்டு ஆளை வைத்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டு. தள்ளாதே, ஆட்டு. ஒரு மயிரிழை அசைந்தால் போதும், அடுத்த நாள் விரலளவு அசையும்.

இன்னொன்று, உன் கேள்வியிலேயே பதில் ஒளிந்திருக்கிறது. கிளட்சை மிதித்தால் சத்தம் மாறி நிற்கப் பார்த்தது என்றாயே, அது கிளட்ச் பிளேட் இல்லை. இந்த என்ஜினில் பின்பக்க மெயின் பேரிங்கின் ரெண்டு பக்கமும் அரைச்சந்திர வடிவில் த்ரஸ்ட் வாஷர் உட்காரும், ஆக மொத்தம் ரெண்டே துண்டு. கிளட்சை மிதிக்கும்போது கிராங்க் முன்னால் தள்ளப்படும், அந்தத் தள்ளலைத் தாங்குவது அதுதான். தேய்ந்தால் ஒரு நாள் வழுகி, என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்பில் விழும், அப்புறம் கிராங்க் நேராக பிளாக்கின் இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். பல வருஷத்துக்கு முன்னால் எனக்கே ஒரு ஹெரால்டில் இது நடந்தது, நான் நம்பிக் கொடுத்த பட்டறையில் கிளட்சை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள், ஆறு மாதத்தில் பிளாக்கே போனது. அதனால் என்ஜின் அசைந்தாலும் ஸ்டார்ட் செய்ய ஆசைப்படாதே. சம்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு வந்து சொல்.

தகடு_குருசுக்குப்பம் பதில்:

என்ஜின் விஷயம் அண்ணன் சொல்லிவிட்டார், நான் டிங்கரிங் ஆள், பாடியைப் பற்றிச் சொல்கிறேன். நம் ஊர் உப்புக் காற்றில் முப்பது வருஷம் நின்ற வண்டி, கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பெட்டி கட்டாயம் அரித்திருக்கும். ஹெரால்டில் சேஸியிலிருந்து பக்கவாட்டில் கை நீண்டு பாடியைத் தாங்கும். ஸ்பிட்ஃபயரில் அந்தக் கை கிடையாது, நடு முதுகெலும்பு மட்டும்தான், வண்டியின் பாதி பலமே அந்தச் சில்லில்தான் இருக்கிறது. கூரையும் இல்லாத வண்டி. ரெண்டு பக்கச் சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டி எடுத்தால் பாடி நடுவில் தொய்யும், அப்புறம் ஆயுசுக்கும் கதவு சாத்தாது.

வெட்டுவதற்கு முன்னால் கதவைக் கழற்றிவிட்டு, கதவு வாசலில் முன் தூணிலிருந்து பின் தூணுக்குச் சதுரக் குழாய் வைத்து வெல்டு பண்ணச் சொல்லுங்கள். பாடி சேஸி மேலேயே இருக்கட்டும், ஒரு பக்கம் முடித்து, கதவை மாட்டி இடைவெளி சரியா என்று பார்த்துவிட்டு அடுத்த பக்கம். பட்டி பூசி மறைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பழைய_பெட்ரோல் பதில்:

ஜிப்சி என்ஜின் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனப் பதிவுக்கு விதி கொண்டுவந்தது. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு வி.ஏ. என்று எழுத்து வரும் தனி நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். ஆனால் சேஸி, பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. என்ஜினை மாற்றினால் அந்தத் தகுதி கேள்விக்குறிதான். தினசரி ஓட்டவும் அனுமதி இல்லை, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, மராமத்துக்குக் கொண்டுபோக, இப்படித்தான். ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழ் வேலையை இன்றைக்கே ஆரம்பியுங்கள், அதுதான் என்ஜினைவிட மெதுவாக நகரும்.

ஹெட்டைக் கழற்றும்போது எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தில் கடினமான சீட் ரிங் போட்டுவிடுங்கள். அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் இருந்தது, அது சீட்டைக் காத்தது. 2000-இலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். இப்போது பங்கில் கிடைக்கும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பரை ஊற வைத்துவிடும், பெட்ரோல் குழாய், பம்ப் டயாஃப்ரம் எல்லாம் எத்தனால் தாங்கும் ரகமாகப் போடுங்கள்.

முத்தியால்பேட்டை_பேரன்:

அண்ணன்மாரே, பதினாறு நாள் கழித்து வருகிறேன். ஏ.டி.எஃப். கலவை மூணாவது சிலிண்டரில் மட்டும் இறங்கவே இல்லை. பதினோராம் நாள் நானும் தம்பியும் ஆட்டினோம், டக் என்று ஒரு சத்தம், புல்லி ஒரு விரல் நகர்ந்தது. அப்பா ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்து புல்லியைத் தொட்டுப் பார்த்தார்.

ஆயில் நட்டைக் கழற்றியதும் முதலில் ஒரு சொம்பு அளவுக்குச் சுத்தமான தண்ணீர், அதன் பின்னால்தான் கறுப்பு ஆயில். சம்பைக் கழற்றி அடியில் படிந்திருந்த சேற்றைத் துழாவினால் கையில் தட்டுப்பட்டது, பிறை மாதிரி ஒரு துண்டு, ஒரு பக்கம் காகிதம்போலத் தேய்ந்து ஓரம் கூர்மையாகிவிட்டது. ஒரு வாஷர் விழுந்திருக்கிறது, இன்னொன்று இடத்தில் இருக்கிறது. பிளாக்கில் கிராங்க் உரசிய வட்டம் தெரிகிறது, நகத்தை ஓட்டினால் லேசாக மாட்டுகிறது. பிளாக் போய்விட்டதா?

லேத்து_கடலூர்:

நகம் லேசாக மாட்டுகிற அளவு என்றால் போகவில்லை. உங்கப்பா அன்றைக்கே நிறுத்தியதுதான் காப்பாற்றியிருக்கிறது, இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் கதை வேறு.

பிளாக்கையும் கிராங்கையும் சேர்த்தே லேத்துக்குக் கொண்டுபோ. மூணாவது சிலிண்டரில் துருக் குழி இருக்கும், 20 ஓவர்சைஸில், அதாவது ஆயிரத்தில் 20 பங்கு அங்குலம் பெரிதாக்கினால், சுத்தமாகிறதா பார், இல்லாவிட்டால் 30. பிஸ்டன் கைக்கு வந்து அதை அளந்த பிறகுதான் போர் வெட்ட வேண்டும், முன்கூட்டி வெட்டவே கூடாது. த்ரஸ்ட் வாஷரும் ஓவர்சைஸில் கிடைக்கும். பள்ளம் வெட்டிய பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் ஒரு நாளில் தீர்ந்துவிடும். மாட்டியதும் கிராங்கை நெம்பி, இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜ் விட்டுப் பார், 0.1 மில்லிமீட்டரிலிருந்து 0.2-க்குள் இருந்தால் சரி.

சாமானுக்குச் சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு சுற்றும் புதுப்பேட்டையில் ஒரு சுற்றும் போய்ப் பார். பிஸ்டன், பேரிங் இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கலாம், புதிதாகவே கிடைக்கும்.

மறக்காமல் இதையும் கேள், முன் சக்கரத்தைத் தாங்கும் தூணின் அடியில், ஸ்டியரிங் திருப்பும்போது அது சுழல்வதற்கு மரை போட்ட பித்தளைத் துண்டு இருக்கும், ட்ரன்னியன் என்பார்கள். எல்லோரும் அதில் கிரீஸ் அடிப்பார்கள். கிரீஸ் இறுகி மரைக்குள் போகாது, துருப்பிடித்து ஒரு நாள் வளைவில் சக்கரமே மடங்கும். அதற்கு 90 கியர் ஆயில்தான். உன் வண்டியில் கடைசியாக என்ன அடித்தார்கள் என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்.

முத்தியால்பேட்டை_பேரன்:

கேட்டேன் அண்ணே. "கிரீஸ் இல்லடா, ஆயில்தான், உங்க தாத்தா அதுக்குன்னே ஒரு பம்பு வெச்சிருந்தார்" என்றார். பரண்மேல் தேடினோம், பம்ப் இருக்கிறது. பிளாக்கை வருகிற திங்கட்கிழமை உங்கள் லேத்துக்கே கொண்டுவருகிறேன், அப்பாவும் கூட வருகிறாராம்.