மறு: ‘கன்ஸ்ட்ரக்டிவ் டிஸ்மிஸல்’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

ஈஸ்ட்ஹாம்வாசி எழுதியது:

அன்பர்களே, லண்டனில் கடைகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் வேலை பார்க்கும் நம்மவர்களுக்காகத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சு. ‘அன்ஃபேர் டிஸ்மிஸல்’ நியாயமற்ற பணிநீக்கம், ‘ராங்ஃபுல் டிஸ்மிஸல்’ ஒப்பந்தம் மீறிய பணிநீக்கம் என்று ஒருவழியாக ஒப்பேற்றிவிட்டேன். ‘கன்ஸ்ட்ரக்டிவ் டிஸ்மிஸல்’தான் படுத்துகிறது. முதலாளி ‘போ’ என்று சொல்வதே இல்லை. சம்பளத்தைக் குறைப்பார், எல்லார் முன்னாலும் திட்டுவார். பொறுக்க முடியாமல் ஆள் தானே கடிதம் கொடுத்துவிட்டுப் போவார். 1996ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு இதையும் பணிநீக்கமாகவே கொள்கிறது. பழைய துண்டறிக்கை ஒன்றில் ‘ஆக்கபூர்வமான பணிநீக்கம்’ என்றிருந்தது!

தஞ்சைத் தமிழாசிரியர் (ஓய்வு):

ஆக்கபூர்வமா! நீக்கியதில் என்னய்யா ஆக்கம்? லத்தீன் தாய் ஒன்றுதான். ஆனால் சட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் கட்டுவதைக் குறிக்கும் ‘கன்ஸ்ட்ரக்ட்’ என்ற மகள் அல்ல, பொருள்கொள்வதைக் குறிக்கும் ‘கன்ஸ்ட்ரூ’. நம் இலக்கணத்திலும் காலத்தை வெளிப்படக் காட்டினால் தெரிநிலை வினை, உணர வைத்தால் குறிப்பு வினை. எனவே ‘குறிப்புப் பணிநீக்கம்’. இன்னும் சுருங்க வேண்டுமா? நீங்கு என்பது தன்வினை, நீக்கு பிறவினை. திருந்து – திருத்து, வருந்து – வருத்து, எல்லாம் இதே கதை: மெல்லெழுத்து வல்லெழுத்தாகும் இடத்தில் இன்னொருவன் கை நுழைகிறது. வெளிப்பார்வைக்கு நீங்கல், உள்ளே நீக்கல். ‘நீங்குநீக்கம்’! விலகு – விலக்கு பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

சென்னைத் தொழிற்சங்கத் தோழர்:

ஐயா, தனி மடல் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வரட்டும். ‘குறிப்பு’ என்றால் இங்கே ஆபீஸில் குறிப்பாணை, அதாவது மெமோ. மெமோ கொடுத்து அனுப்பினார்கள் என்றுதான் படிப்பார்கள். ஐடி கம்பெனிப் பிள்ளைகள் ‘ரிசைன் பண்ண வச்சுட்டாங்க’ என்கிறார்கள். ‘கட்டாய ராஜினாமா’ என்று போட்டால் யாருக்கும் புரியும்.

கொழும்பிலிருந்து:

புரியும் தோழர், ஆனால் பிழையாகப் புரியும். கடிதம் தரச்சொல்லி நெருக்குவது கட்டாய ராஜினாமா. எங்கள் நாட்டில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். அனுமதிக்கு அலைவதை விடக் கடிதம் வாங்குவது சுகம் என்று நினைக்கிற முதலாளிமார் உண்டு. ஈஸ்ட்ஹாம் தம்பி சொல்வதில் கடிதத்தை ஒருவரும் கேட்கத் தேவையில்லை. நடந்ததைப் பார்த்து அது நீக்கம்தான் என்று சட்டம் உய்த்தறிகிறது. ஆகவே ‘உய்த்தறி சேவை முடிவுறுத்தல்’.

ஈஸ்ட்ஹாம்வாசி:

அக்கா, அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “கைத்தறியா?” என்று கேட்டார்.

இன்னொருவர் தனிமடலில் ‘கொடுமை நீக்கம்’ என்று அனுப்பியிருந்தார். அதுவும் சரிவராது. நீக்கம் என்று நிரூபித்தாலும் அது நியாயமா இல்லையா என்பது அடுத்த கேள்வி. சொல்லுக்குள்ளேயே தீர்ப்பை வைக்கக் கூடாது. 1978இல் இங்கிலாந்து நீதிபதி டென்னிங் பிரபு, முதலாளி நியாயமில்லாமல் நடந்தார் என்பது மட்டும் போதாது, ஒப்பந்தத்தின் வேரையே தாக்கும் மீறலாக இருக்க வேண்டும் என்றார். மீறிய பிறகும் நெடுநாள் வேலையில் நீடித்தால், அதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். பயந்து பயந்து காத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லத்தான் எனக்கு அந்தப் பத்தியே வேண்டும்.

சென்னைத் தோழர்:

அப்படியானால் பிள்ளைகள் சொன்னதையே இலக்கணமாக்குவோம்: ‘விலகவைத்த பணிநீக்கம்’. யார் செய்தார்கள், என்ன ஆயிற்று, இரண்டும் இருக்கிறது.

கொழும்பிலிருந்து:

துண்டறிக்கைக்குச் சரி. சட்டநூலுக்கு நான் உய்த்தறியிலேயே நிற்கிறேன். கைத்தறியும் நல்ல தொழில்தான்.

ஈஸ்ட்ஹாம்வாசி:

இதுவரை நான்கு பேர் ‘விலகவைத்த’ பக்கம். அதையே போடுகிறேன், பக்கத்தில் ஆங்கில ஒலிப்பைத் தமிழெழுத்தில். ஆலோசனை கேட்கப் போகும் இடத்தில் அவர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்லியாக வேண்டும்.

தஞ்சைத் தமிழாசிரியர்:

ஏழெழுத்தில் முடிகிற வேலைக்கு இத்தனை நீளமா? போடுங்கள். ஆனால் ‘நீங்குநீக்கத்தை’ நானாகக் கைவிட்டதாகக் கணக்கெழுத வேண்டாம். கைவிட வைத்திருக்கிறீர்கள்.